பிரிட்டன் படை வெளிநாடு போகுமுன் உங்கள் எம்.பி.யிடம் கேட்பது எப்படி? இங்கே புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அக்காவின் மகன் இங்கே பிரிட்டிஷ் இராணுவத்தின் ரிசர்வ் பிரிவில் இருக்கிறான். வாரநாட்களில் வேலை, சில வார இறுதிகளில் பயிற்சி. தேவைப்பட்டால் பிரிட்டிஷ் படையை உக்ரைன் மண்ணில் இறக்கத் தயார் என்று 2025 பெப்ரவரியில் பிரதமர் கியர் ஸ்டார்மர் சொன்ன அன்று இரவு போன் எடுத்து, "சித்தி, கூப்பிட்டால் போகத்தான் வேணும்" என்றான். அக்கா அதற்குப் பிறகு மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 1987இல் யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் படை வந்து இறங்கியதைப் பார்த்த வீடு எங்களுடையது. அனுப்புகிற வீட்டிலும் இறங்குகிற ஊரிலும் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைப் பாராளுமன்றத்தில் எங்கள் தொகுதிக்காரரிடம் கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். ஒழுங்கான ஒரு பதில் கையில் கிடைக்க நான்கு மாதம் போயிற்று. அதில் மூன்றரை மாதம், யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும் காலம். அதனால்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் படை அனுப்புவதை ஆதரிப்பவராக இருக்கலாம், எதிர்ப்பவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் வழி ஒன்றுதான்.

1. சட்டம் வாக்கெடுப்பைக் கட்டாயமாக்கவில்லை, இதிலிருந்து தொடங்குங்கள்

நான் விட்ட முதல் பிழை இதுதான். படை அனுப்புவதென்றால் பாராளுமன்றத்தில் கட்டாயம் வாக்கெடுப்பு நடக்கும், திகதி அறிவித்த பிறகு ஆறுதலாக எழுதலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பிரிட்டனில் படையை அனுப்பும் அதிகாரம் அரச சிறப்புரிமை என்ற பெயரில் பிரதமரிடமும் அமைச்சரவையிடமும் இருக்கிறது. 2003 மார்ச் 18 ஈராக் வாக்கெடுப்புக்குப் பிறகு, எம்.பி.க்கள் இருக்கும் பொதுச்சபையைக் கேட்டுவிட்டு அனுப்புவது ஒரு மரபாக வந்தது. 2011இல் அதை அமைச்சரவைக் கையேட்டிலும் எழுதி வைத்தார்கள். ஆனால் மரபு மரபுதான், சட்டமாகவில்லை. சட்டமாக்கப் போவதில்லை என்று 2016 ஏப்ரலில் அரசே எழுத்தில் சொல்லிவிட்டது.

லிபியாவில் 2011 மார்ச் 19 அன்று தாக்குதல் தொடங்கியது, சபை வாக்களித்தது 21ஆம் திகதி. 2018 ஏப்ரலில் சிரியா மீதும் 2024 ஜனவரியில் யேமனில் ஹூத்திகள் மீதும் நடந்த தாக்குதல்களுக்கு முன்கூட்டிய வாக்கெடுப்பே இல்லை, பிறகு வந்து சபையில் விளக்கம் கொடுத்தார்கள். அவசரம், இரகசியம் என்ற இரண்டு காரணமும் மரபுக்கு விலக்காகவே வைக்கப்பட்டிருக்கின்றன. பயிற்சியாளர்களாகப் போகிறவர்களுக்கும் சிறப்புப் படையினருக்கும் இந்த மரபைப் பொருத்துவதில்லை, அதனால் "பயிற்சிக் குழு" என்ற சொல் செய்தியில் வந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

உக்ரைன் விஷயத்தில் 2026 ஜனவரி 6 அன்று பாரிஸில், சமாதான உடன்பாடு வந்தால் படை அனுப்புவது என்ற விருப்ப அறிக்கையில் பிரிட்டனும் பிரான்ஸும் உக்ரைனும் கையெழுத்திட்டன. அனுப்புவதற்கு முன் சபையில் விவாதமும் வாக்கெடுப்பும் வைப்பேன் என்று பிரதமர் அடுத்த நாளே சபையில் சொன்னார். நல்ல விஷயம். ஆனால் அது ஒரு வாக்குறுதி, அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டியது எம்.பி.க்கள். அந்த எம்.பி.க்களைப் பிடிக்க வேண்டியது நாங்கள்.

இனி காலக்கணக்கு. 2013இல் சிரியா விவாதத்துக்கு ஒகஸ்ட் 27 அன்று விடுமுறையிலிருந்த சபையைக் கூப்பிடுவதாக அறிவித்தார்கள், 29 இரவு வாக்கெடுப்பு. 2014இல் ஈராக் விவாதத்துக்குச் செப்டெம்பர் 24 அறிவிப்பு, 26 வாக்கெடுப்பு. 2015இல் மறுபடி சிரியாவுக்கு நவம்பர் 30 மாலை அறிவிப்பு, டிசம்பர் 2 வாக்கெடுப்பு. மூன்று தடவையும் இரண்டே நாள்! இந்த இரண்டு நாளுக்குள் எம்.பி. யார் என்று தேடி, முகவரி கண்டுபிடித்து, கடிதம் எழுதி, அதை அவர் வாசித்து முடிப்பது நடக்காத காரியம். கீழே உள்ள 2 முதல் 4 வரையான படிகளை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.

2. உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள்

எம்.பி.க்கு எழுத பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை, வாக்குரிமையும் தேவையில்லை. அந்தத் தொகுதியில் வசித்தால் போதும். இதை முதலிலேயே சொல்கிறேன், ஏனென்றால் "எனக்கு இன்னும் விசாதானே, நான் எப்படிக் கேட்பது" என்று பேசாமல் இருக்கிற எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன்.

வாக்குரிமை வேறு கணக்கு. இலங்கையும் இந்தியாவும் கொமன்வெல்த் நாடுகள். அந்தக் கடவுச்சீட்டோடு, இங்கே தங்குவதற்கு முறையான அனுமதியுடன் வசிக்கும் 18 வயதானவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். மாணவர் விசாவில் இருப்பவரும்கூட. அகதிக் கோரிக்கை முடிவாகாமல், தங்கும் அனுமதி இன்னும் கிடைக்காதவர்கள் இதில் வரமாட்டார்கள்.

எங்கள் ஆட்களில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். ஜெர்மனி, பிரான்ஸ், ஹொலண்ட், டென்மார்க் என்று முதலில் போய், அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்து, பிறகு பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்த குடும்பங்கள். பிரெஞ்சுக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு இங்கே பாராளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அயர்லாந்து, மோல்டா, சைப்ரஸ் மூன்றுக்கும்தான் இருக்கிறது. நேற்று ஊரிலிருந்து வந்த மருமகளுக்கு வாக்கு, இருபது வருடம் பாரிஸில் இருந்துவிட்டு வந்த மாமனாருக்கு இல்லை என்று ஒரே வீட்டுக்குள்ளேயே இருக்கும். கடவுச்சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். வாக்கு இல்லாதவரும் கடிதம் எழுதலாம் என்பதை மறக்க வேண்டாம்.

வாக்காளர் பதிவு இணையத்தில் ஐந்து நிமிட வேலை, இலவசம். தேவைப்படுவது தேசியக் காப்புறுதி இலக்கம், பிறந்த திகதி, முகவரி. படிவத்தில் "திறந்த பதிவேடு" என்று ஒரு கேள்வி வரும். அதில் பெயர் இருந்தால் வியாபார நிறுவனங்கள்கூட அதை வாங்கலாம். வேண்டாம் என்று குறித்தாலும் வாக்குரிமைக்கு ஒன்றும் ஆகாது. தேர்தல் வந்தால் 12 வேலைநாட்களுக்கு முன்னரே பதிவு மூடப்பட்டுவிடும், அதுவரை காத்திருக்காமல் இப்போதே போட்டுவிடுங்கள்.

3. உங்கள் எம்.பி. யார்? ஊகிக்க வேண்டாம்

மொத்தம் 650 தொகுதிகள். 2024 தேர்தலுக்கு முன் எல்லைகளை மாற்றிவிட்டார்கள், அதனால் பத்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவருக்கும் தொகுதி மாறியிருக்கலாம். பாராளுமன்ற இணையத்தளத்தில் உங்கள் போஸ்ட்கோட்டைப் போட்டால் பெயர், மின்னஞ்சல், அலுவலக முகவரி மூன்றும் வரும்.

பொறி ஒன்று இருக்கிறது. எம்.பி.க்கள் தங்கள் தொகுதியில் வசிப்பவருக்கு மட்டும்தான் பதில் எழுதுவார்கள். இது அங்கே கண்டிப்பாகப் பின்பற்றும் வழக்கம். ஸ்ட்ராட்ஃபோர்ட் அன்ட் போ தொகுதியில் 2024இல் உமா குமரன் வென்றதும், தமிழர் ஒருவர் உள்ளே இருக்கிறாரே, அவருக்கு எழுதுவோம் என்று ஹரோவிலிருந்தும் குரொய்டனிலிருந்தும் யோசித்தவர்களை எனக்குத் தெரியும். வெம்பிளியில் இருந்தால் வெம்பிளியின் எம்.பி.தான் உங்களுக்கு. அவர் தமிழரா, உங்களுக்குப் பிடித்த கட்சியா என்பது இரண்டாம் விஷயம்.

பெயர் கிடைத்ததும், "தே வேர்க் ஃபோர் யூ" என்ற இலவசத் தளத்தில் அவர் இதுவரை பாதுகாப்பு விஷயங்களில் என்ன பேசியிருக்கிறார், எப்படி வாக்களித்திருக்கிறார் என்று அரை மணி நேரம் வாசியுங்கள். 2024இல் 335 பேர் முதல் தடவையாக உள்ளே வந்தார்கள், அதாவது சபையில் பாதிக்கும் மேல். உங்களுடையவர் அதில் ஒருவர் என்றால் ஈராக், சிரியா வாக்கெடுப்புகளில் அவர் பெயர் இருக்காது. படை அனுப்பும் விஷயத்தில் மனத்தை இன்னும் முடிவு செய்யாதவராகவே இருக்கலாம், அப்படிப்பட்டவருக்கு எழுதுவதுதான் அதிகம் பயன் தரும்.

4. கடிதம் (இங்கேதான் எனக்கு ஆறு வாரம் போயிற்று)

முதல் மின்னஞ்சலை நெஞ்சு நிறைய எழுதி அனுப்பினேன். அக்கா, பிள்ளை, யாழ்ப்பாணம், பயம், எல்லாம் இருந்தது. இல்லாதது என் வீட்டு முகவரி. தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆறு வாரம் கழித்து எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தபோது அங்கே வேலை செய்யும் பிள்ளை மிகவும் மரியாதையாகக் கேட்டது: "முகவரி போட்டீங்களா?" முகவரியும் போஸ்ட்கோட்டும் இல்லாத கடிதத்தை தொகுதிக்கு வெளியே இருந்து வந்ததாகவே ஒதுக்கி வைக்கிறார்கள். அந்தத் தானியங்கிப் பதிலின் கடைசி வரியில் அது இருந்திருக்கிறது, நான் வாசிக்கவில்லை.

அதனால் முதல் வரிகளில் முழுப் பெயர், முழு முகவரி, போஸ்ட்கோட். தலைப்பிலேயே "உங்கள் தொகுதியில் வசிப்பவர்" என்று எழுதுங்கள். குடியுரிமை, விசா நிலை ஒன்றும் எழுதத் தேவையில்லை, யாரும் கேட்கப் போவதுமில்லை.

நீளம் ஒரு பக்கம். ஆங்கிலம் வராது என்றால் முதலில் தமிழில் எழுதி, வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்து மாற்றுங்கள். எளிமையான ஆங்கிலம் போதும். வட்ஸ்அப் குழுவில் வருகிற மாதிரிக் கடிதத்தை அப்படியே அனுப்பவே வேண்டாம். ஒரே வாசகத்தில் நூறு கடிதம் வந்தால் அலுவலகத்தில் அதை ஒரே கட்டாகக் கட்டி ஒரே பதிலைத் தட்டிவிடுகிறார்கள். "ரைட் டு தெம்" என்ற தளம் வழியாக அனுப்பலாம், இலவசம், போஸ்ட்கோட்டைப் போட்டால் அதுவே சரியான எம்.பி.க்குக் கொண்டுபோகும், ஆனால் ஒரே மாதிரியான பிரதிக் கடிதங்களை அது மறித்துவிடும். அனுப்பியதும் உங்கள் மின்னஞ்சலுக்கு ஒரு உறுதிப்படுத்தும் இணைப்பு வரும். அதை அழுத்தாவிட்டால் கடிதம் போகவே போகாது, ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்.

உள்ளே என்ன எழுதுவது? "போர் வேண்டாம்" என்றோ "உக்ரைனைக் காப்பாற்றுங்கள்" என்றோ மட்டும் எழுதினால் அழகான, ஒன்றும் சொல்லாத ஒரு பதில் வரும். கேள்வியாகக் கேளுங்கள். என் இரண்டாவது கடிதத்தில் நான் கேட்டவை இவை, விரும்பினால் உங்கள் சொல்லில் மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்:

படை புறப்படும் முன் வாக்கெடுப்பு வேண்டும் என்று சபையில் நீங்கள் வற்புறுத்துவீர்களா, ஆம் அல்லது இல்லை?

அனுப்பும் படையின் வேலை என்ன, எவ்வளவு காலம், எது நடந்தால் திரும்பி வருவார்கள்?

எங்கள் படை தாக்கப்பட்டால் திருப்பிச் சுட அனுமதி இருக்கிறதா, அப்போது யார் துணைக்கு வருவார்கள்?

ரிசர்வ் படையினரைக் கூப்பிடுவார்களா, எத்தனை நாள் முன்னறிவித்தலில்?

2013இல் செய்ததுபோல அரசின் சட்ட நிலைப்பாட்டுச் சுருக்கத்தை விவாதத்துக்கு முன் வெளியிடுவார்களா?

கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: இவற்றில் உங்களுக்குப் பதில் தெரியாதவற்றைப் பாதுகாப்பு அமைச்சுக்கு எழுத்துமூலக் கேள்வியாக அனுப்புங்கள் என்று. இந்த ஒரு வரிதான் எனக்குப் பதிலைக் கொண்டுவந்தது. எம்.பி. எழுத்துமூலம் கேட்கும் கேள்விக்கு அமைச்சு வழக்கமாக ஒரு வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், அந்தப் பதில் எல்லாரும் பார்க்கும்படி வெளியாகும். சாதாரணக் கடிதத்தை அமைச்சுக்கு அனுப்பினால் வாரக்கணக்கில் போகும்.

செலவைக் கேட்டால், மின்னஞ்சலுக்கு ஒன்றுமில்லை. தபாலில் போட்டால் 2025 ஏப்ரல் விலைப்படி முதல் வகுப்பு முத்திரை 1.70 பவுண்ஸ், இரண்டாம் வகுப்பு 87 பென்ஸ் ஆக இருந்தது. இரண்டாம் வகுப்பே போதும். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் போன் எடுங்கள், கோபப்படாமல் கடிதம் அனுப்பிய திகதியைச் சொல்லிக் கேளுங்கள்.

5. நேரில் சந்திப்பது

எம்.பி.க்கள் தொகுதியில் மக்களைச் சந்திக்கும் நேரத்துக்கு இங்கே சேர்ஜரி என்று பெயர். டாக்டரின் சேர்ஜரி என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். பெரும்பாலும் வெள்ளி அல்லது சனி. இலவசம், ஆனால் முன்கூட்டியே நேரம் கேட்டு வைக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் தள்ளிக் கிடைத்தது. பத்துப் பதினைந்து நிமிடம்தான் தருவார்கள், கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லப் போனால் கேள்விக்கு வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கடிதத்தின் ஒரு பிரதியைக் கையில் கொண்டுபோய், முதல் நிமிடத்திலேயே கேள்வியைக் கேளுங்கள். மொழி பயமாக இருந்தால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகலாம், நான் அக்காவைக் கூட்டிப் போனேன். அக்கா ஆங்கிலத்தில் சொன்னது ஒரே ஒரு வசனம், "மை சன் இஸ் ட்வென்டி ஃபோர்." எம்.பி. பேனாவை எடுத்து எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இன்னொரு வழி நிறையப் பேருக்குத் தெரியாது. சபை கூடும் நாளில் வெஸ்ட்மின்ஸ்டருக்கே போய், எண்கோண வடிவில் இருக்கிற மத்திய மண்டபத்தில் உங்கள் எம்.பி.யைச் சந்திக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு பச்சை அட்டை தருவார்கள், அதில் பெயர், முகவரி, காரணம் எழுதிக் கொடுத்தால் அவரைத் தேடுவார்கள். அவர் வரமுடியாவிட்டாலும் அட்டை அவரிடம் போய்ச் சேரும். அந்த இரண்டு நாள் அவகாசத்தில் கடிதம் பிந்திவிட்டது என்றால் இந்தப் பச்சை அட்டைதான் கைகொடுக்கும்.

6. இணைய மனு

பாராளுமன்றத்தின் மனுத் தளத்தில் பிரிட்டிஷ் குடிமக்களும் இங்கே வசிப்பவர்களும் கையெழுத்திடலாம். பெயர், மின்னஞ்சல், போஸ்ட்கோட் போதும். கையெழுத்திட்டவர்களின் பெயர் வெளியே வராது, தொகுதிவாரியாக எண்ணிக்கைதான் தெரியும். மனுவைத் தொடங்கியவரின் பெயர் மட்டும் வெளியாகும், தொடங்க அவரோடு இன்னும் ஐந்து பேர் வேண்டும். பத்தாயிரம் கையெழுத்துக்கு அரசு பதில் சொல்லும், ஒரு இலட்சம் வந்தால் விவாதத்துக்கு எடுப்பது பற்றி மனுக் குழு யோசிக்கும். ஆறு மாதம் திறந்திருக்கும்.

நேரடியாகச் சொல்கிறேன், இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மனு விவாதம் திங்கட்கிழமை மாலை வேறு மண்டபத்தில் நடக்கும், முடிவில் அரசைக் கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு கடிதமும் எழுதுங்கள்.

7. திகதியை முன்கூட்டியே பிடிப்பது

சபை கூடும் வாரங்களில் வியாழக்கிழமை காலை 10.30 மணி வாக்கில் சபை முதல்வர் (சபை அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சர்) எழுந்து அடுத்த வாரம் என்னென்ன விவாதம் என்று வாசிப்பார். பாராளுமன்றத்தின் நேரலைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், எழுத்திலும் வரும். "தே வேர்க் ஃபோர் யூ"வில் உங்கள் எம்.பி.யின் பெயரையும் "உக்ரைன்" போன்ற ஒரு சொல்லையும் கொடுத்து வைத்தால் அது சபையில் வரும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும். பொதுச்சபை நூலகம் எம்.பி.க்களுக்காக எழுதும் விளக்கக் குறிப்புகளையும் யாரும் இலவசமாக வாசிக்கலாம். எம்.பி. கையில் வைத்துக்கொண்டு பேசப் போவது பெரும்பாலும் அதைத்தான், முதலில் நீங்கள் வாசித்துவிடுங்கள்.

விவாதத் திகதி வந்ததும் பிரேரணையின் வாசகத்தைத் தேடி எடுத்து ஒவ்வொரு சொல்லாக வாசியுங்கள். தொலைக்காட்சியில் "போருக்கு வாக்கெடுப்பு" என்று ஓடும், வாசகம் வேறு ஒன்றைச் சொல்லும். 2013 பிரேரணையில், நேரடி நடவடிக்கைக்கு முன் இன்னொரு வாக்கெடுப்பு வரும் என்றே எழுதியிருந்தது. 2015 பிரேரணையில், தரைப் போருக்குப் படை அனுப்பமாட்டோம் என்று இருந்தது. திருத்தப் பிரேரணைகளும் வரும், அவற்றுக்குத் தனி வாக்கெடுப்பு. உங்கள் எம்.பி. திருத்தத்துக்கு ஆதரவாகவும், பிறகு முழுப் பிரேரணைக்கு எதிராகவும் வாக்களிக்கலாம். அன்று இரவு வட்ஸ்அப்பில் அவரைத் திட்டுவதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும்.

கட்சி கொறடா உத்தரவு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 2015இல் தொழிற்கட்சி தன் ஆட்களைச் சுதந்திரமாக வாக்களிக்க விட்டது, 66 பேர் அரசோடு சேர்ந்து வாக்களித்தார்கள். உத்தரவு இருந்தாலும் மீறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2013இல் அரசு 285க்கு 272 என்று தோற்றது. ஏழு பேர் மாறி வாக்களித்திருந்தால் முடிவே வேறு. ஒரு எம்.பி.க்கு எழுதி என்ன ஆகப் போகிறது என்று கேட்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்லுகிறேன்.

8. விவாதத்தை நேரில் பார்க்க

பார்வையாளர் மாடத்துக்குக் கட்டணம் இல்லை. பிரதமரின் கேள்வி நேரத்துக்குத்தான் எம்.பி. வழியாக முன்கூட்டியே டிக்கெட் எடுக்க வேண்டும், விவாதங்களுக்கு குரொம்வெல் கிரீன் வாசலில் வரிசையில் நின்று உள்ளே போகலாம். வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். விமான நிலையம் மாதிரியே பரிசோதனை. நான் பெரிய தோள்பையும் அதற்குள் சாப்பாட்டுப் பெட்டியுமாகப் போய், பை பரிசோதனையிலேயே நேரத்தை விட்டேன். கையில் அடையாள அட்டை, சின்னப் பை, குடை, வேறொன்றும் வேண்டாம். பெரிய விவாதம் என்றால் வரிசை மணிக்கணக்கில் போகும், 2015 சிரியா விவாதம் பத்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. காலையில் இடம் கிடைக்காவிட்டால் இரவு சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்.

மாடத்தில் முன்னால் ஒரு கண்ணாடிச் சுவர் இருக்கிறது, கீழே பேசுவது ஒலிபெருக்கி வழியாகத்தான் கேட்கும். கைதட்டக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. நான் போன நாளில் பாதுகாப்புப் பற்றிய சாதாரண விவாதம் ஒன்று, பச்சை நிற இருக்கைகளில் பாதிக்கு மேல் காலி. மனம் சோர்ந்து போயிற்று. பிறகு வாக்கெடுப்புக்கான மணி அடித்தது. எட்டு நிமிடத்துக்குள் வந்து சேர வேண்டும் என்றார்கள். எங்கேயிருந்தோ சாரை சாரையாக வந்தார்கள், ஒருவர் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார், இன்னொருவர் கையில் பாதி மடித்த காகிதம். ஆம் என்பவர்கள் ஒரு பக்கம், இல்லை என்பவர்கள் மறுபக்கம் என்று இரண்டு பக்கக் கதவுகளுக்குள்ளும் பிரிந்து போனார்கள், கதவைப் பூட்டினார்கள். அந்தப் பேச்சை இருந்து கேட்காமல் வந்தவர்கள்தான் அதில் அதிகம். எம்.பி.யின் முடிவு அந்த மண்டபத்துக்கு வெளியே, அதற்கு முன்னாலேயே உருவாகிவிடுகிறது என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. கடிதத்தை முந்தி எழுதுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

9. சதுக்கத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால்

2009இல் வாரக்கணக்கில் அந்தப் பாராளுமன்றச் சதுக்கத்தில் நின்றவர்கள் எங்களில் நிறையப் பேர். அன்றைய விதிகள் இன்றில்லை. 2011இல் வந்த சட்டப்படி சதுக்கத்தில் கூடாரமும் தூங்கும் சாமான்களும் வைக்க விடமாட்டார்கள், ஒலிபெருக்கிக்கு முன்அனுமதி எடுக்க வேண்டும். ஊர்வலமாகப் போவதென்றால் ஏற்பாட்டாளர் காவல்துறைக்கு முழுதாக ஆறு நாள் முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இரண்டு நாள் அவகாசத்தில் முடிவான போராட்டங்கள் ஊர்வலமாக இல்லாமல் ஒரே இடத்தில் நிற்பதாக அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கொடி, சின்னம் எதையும் கொண்டுபோக வேண்டாம். விடுதலைப் புலிகள் இயக்கம் இங்கே 2001 முதல் தடைப்பட்டியலில் இருக்கிறது, அந்தக் கொடியைப் பொது இடத்தில் காட்டியதற்காகவே வழக்குப் போடலாம். விசா நீட்டிப்பிலும் குடியுரிமை விண்ணப்பத்திலும் குற்றத் தீர்ப்பு மட்டுமில்லை, காவல்துறை எச்சரிக்கை வாங்கியிருக்கிறீர்களா என்றும் கேட்பார்கள். நிரந்தர அனுமதி இன்னும் கிடைக்காதவர்கள், ஏதாவது தள்ளுமுள்ளு தொடங்கினால் ஓரமாக வந்துவிடுங்கள். உங்கள் கடிதம் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது.

10. வாக்கெடுப்பு முடிந்த பிறகு

யார் எப்படி வாக்களித்தார் என்ற பட்டியல் அன்றிரவே பாராளுமன்ற வாக்குத் தளத்தில் வந்துவிடும். பேசியதெல்லாம் ஹன்சார்ட் பதிவில் சுமார் மூன்று மணி நேரத்தில் எழுத்தாக வரும். உங்கள் எம்.பி.யின் பெயரைத் தேடி, கடிதத்தில் அவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொன்னபடி செய்திருந்தால் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். செய்யவில்லையென்றால் ஏன் என்று கேட்டு இரண்டு வரி எழுதுங்கள்.

படை போன பிறகுதான் கேட்க வேண்டியவை அதிகம். எத்தனை பேர், எவ்வளவு செலவு, எப்போது திரும்புவார்கள், எல்லாவற்றையும் எம்.பி. வழியாக எழுத்துமூலக் கேள்வியாகக் கேட்கலாம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் நீங்களே பாதுகாப்பு அமைச்சுக்கு மின்னஞ்சல் போடவும் முடியும், கட்டணம் இல்லை, 20 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லிச் சிலதை மறுப்பார்கள், ஆகவே படை நகர்வு, ஆயுதம் என்று கேட்காமல் செலவு, காலம், ரிசர்வ் படையினரை அழைப்பதற்கான விதிகள் என்று கேளுங்கள். அனுப்பும்போது ஒருதடவை வாக்கெடுப்பு வைத்தவர்கள், காலத்தை நீட்டும்போது திரும்பவும் சபையைக் கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

என் கேள்விகளுக்கு வந்த பதிலில் மூன்றுக்கு விடை இருந்தது, இரண்டுக்கு "இன்னும் முடிவாகவில்லை" என்றிருந்தது. ரிசர்வ் படையினர் பற்றிய கேள்வி அந்த இரண்டில் ஒன்று. அக்கா அந்தக் கடிதத்தைப் பிரதி எடுத்து, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். அந்த இரண்டு வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடும் போட்டிருக்கிறார். அடுத்த கடிதம் அந்த இரண்டையும் பற்றித்தான்.